குளத்தங்கரையா, ஆற்றோரமா, காட்டுச் சாலையா: குமரியில் ஓட எந்த வழி?

நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் சுற்றிச் சுற்றி அலுத்துப்போனவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பையில் ஷூவையும் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் கேட்பார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர், கண்ணுக்கு நிறைவாக, வண்டித் தொந்தரவு இல்லாமல் ஓட எங்கே போகலாம்? கன்னியாகுமரி மாவட்டத்தில் வழிகளுக்குப் பஞ்சமில்லை. வடக்கே மலை, தெற்கே கடல், நடுவில் ரப்பரும் வாழையும் தென்னையும் வயலும் குளமும், சானல் என்று இங்கே சொல்லும் பாசனக் கால்வாயும். எல்லாமே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடும். அதனால்தான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சிரமமாகிறது.

பெரும்பாலோர் படத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அழகான படம் இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கிடைக்கும், ஆகவே அழகு எதையும் தீர்மானிக்க உதவாது. நான் முதலில் கேட்கச் சொல்வது இரண்டு விஷயங்கள்: எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்? இது எந்த மாதம்? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வழிகள் தாமாகவே விலகிக்கொள்ளும்.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரிக் கடைசியில் நாகர்கோவிலில் சூரியன் எழுவதற்கு 6.40 ஆகிவிடும். மே மாதக் கடைசியில் ஆறு மணியை ஒட்டியே எழுந்துவிடும். ஒன்பது மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவர் ஐந்து மணிக்கு ஓடத் தொடங்கினால் தை மாதத்தில் ஒன்றரை மணி நேரம் இருட்டிலேயே ஓடுகிறார். அந்த இருட்டில் காட்டுச் சாலைக்குப் போகவே கூடாது. சானல் கரையில் காலடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. குளத்தங்கரைக்குப் போனால் எந்தப் பறவைக்காகப் போனாரோ அது கண்ணில் படாது. தெருவிளக்கு உள்ள ஊர்ச் சாலைகள்தான் அவருக்கு மிச்சம். வார நாளுக்கு ஒரு வழி, ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வழி என்று பிரித்துக்கொள்வதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

மாதக் கணக்கை நாஞ்சில் நாட்டு விவசாயிகள் நமக்காக முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளைக் கொண்ட கோதையாறு பாசனத்தில் வழக்கமாக ஜூன் முதல் தேதி தண்ணீர் திறந்து பிப்ரவரிக் கடைசியில் அடைக்கிறார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு சாகுபடி. ஜூன், ஜூலையில் சானல் நிறைய ஓடும், வயல் பச்சை பிடிக்கும். கன்னிப்பூ அறுப்பு செப்டம்பரை ஒட்டி வரும். கும்பப்பூ அறுப்பு மாசி, பங்குனியில். அறுப்புக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் சாலையில் காயும். அதன்மேல் ஓடக் கூடாது, பக்கத்தில் இறங்கி நடந்துதான் போக வேண்டும். அது ஒருவருடைய பல மாத உழைப்பு. மார்ச் முதல் மே வரை சானல் வறண்டு குப்பை தெரியும், குளம் சுருங்கும், நிழலில்லாத வயல் சாலை ஏழரை மணிக்கே சுடும். வயல் வழியை ஜூலையில் பார்த்து மயங்கியவர் ஏப்ரலில் வந்தால் இடம் மாறி வந்துவிட்டோமோ என்றுதான் நினைப்பார்.

இனி ஒவ்வொன்றாக.

ஈரநிலம் என்றால் முதலில் தேரூர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876-ல் பிறந்த ஊர். ஊரை ஒட்டிய பெருங்குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-ல் இடம்பெற்றது. இராஜாக்கமங்கலம் பக்கத்து வேம்பனூரும் அதே ஆண்டில் சேர்ந்தது. இரண்டுமே பாசனத்துக்காக மனிதர் வெட்டியவை. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளுக்கு இந்திய நிலப்பரப்பு முடிகிற முனை இது. அக்டோபர் முதல் மார்ச் வரை அந்த வரவு இருக்கும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், நெடுங்கால் உள்ளான் ஆகியவற்றைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். நீலத் தாழைக்கோழி கோரைக்குள் நடப்பதைப் பார்க்க மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓட்டத்தின் நேரம் கெடுமே என்று கவலைப்படுகிறவர் தேரூருக்கு வரத் தேவையில்லை. அவருக்கு ஸ்டேடியமே சரி.

ஓடுகிறவருக்கு இந்த வழி தரும் பெரிய வசதி சமதளம். ஏற்றமே இல்லை என்று சொல்லலாம். புதிதாக ஓடத் தொடங்கியவர், காயத்திலிருந்து மீண்டு வருகிறவர், ஒரே வேகத்தைப் பிடித்து ஓடிப் பழக வேண்டியவர் எல்லோருக்கும் மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான தரை இல்லை. தேரூரிலிருந்து சுசீந்திரம் வந்து, தாணுமாலயன் கோயில் தெப்பக்குளத்தைச் சுற்றித் திரும்பினால் குறுகிய ஓட்டம். நீண்ட தூரம் வேண்டுமானால் சுசீந்திரத்திலிருந்து தெற்கே மணக்குடிக்கு இறங்கலாம்.

அந்த மணக்குடி நீட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வயலும் தென்னந்தோப்புமாகத் தொடங்கி, புத்தளம் பக்கம் உப்பளங்களைத் தொட்டு, பழையாறு கடலில் சேரும் கழிமுகத்தில் போய் முடிகிறது. நன்னீர்க் குளம், வயல், உப்பளம், அலையாத்தி, கடல் என்று ஒரே ஓட்டத்தில் ஐந்து நிலங்கள் மாறுகின்றன. காற்றின் வாசனை மாறுவதை மூச்சிலேயே உணரலாம். உப்பளத்தில் பூநாரைகள் இறங்கும் பருவங்களும் உண்டு. மணக்குடியில் கீழ மணக்குடியையும் மேல மணக்குடியையும் இணைத்த பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி பெயர்த்து எறிந்தது. இப்போது நாம் கால் வைப்பது அதற்குப் பிறகு கட்டிய பாலம். கரையோர ஊர்களில் அன்று போன உயிர்கள் அங்கே இன்னும் ஒவ்வொரு வீட்டின் பேச்சிலும் இருக்கின்றன. அந்தப் பாலத்தின்மேல் சத்தமாகப் பாட்டு வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. காலையில் வலை காய்வதும் மீன் ஏலம் போவதும் அந்த மக்களின் வேலை நேரம். ஊருக்குள் வேகத்தைக் குறைத்து, வழி விட்டுப் போக வேண்டும்.

இந்த வழியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சுசீந்திரத்தில் நாகர்கோவில்-கன்னியாகுமரி சாலையைக் கடக்க வேண்டும். விடியலுக்கு முன்பே கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் கன்னியாகுமரி நோக்கி விரையும். சாலையைக் கடக்கும்போது ஓடாமல் நின்று பார்த்துக் கடங்கள். அந்தச் சாலையிலேயே ஓடுவது எந்த மாதத்திலும் வேண்டாம். இரண்டாவது குறை, மணக்குடி நீட்சியின் கடைசிப் பகுதியில் நிழல் கிடையாது. எட்டு மணிக்குமேல் உப்பளத்தின் வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். தொப்பி கட்டாயம்.

குளத்தங்கரையில் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. சாலையில் ஓடுங்கள், குளத்தின் உள்கரையில் இறங்கி ஓடாதீர்கள். இரை தேடும் பறவைக்கு ஓடிவரும் உருவம் துரத்தும் உருவம்தான். ஒரு கூட்டம் எழுந்து பறந்தால் படம் நன்றாக வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து எடை கூட்டிக்கொண்டிருக்கும் பறவைக்கு அது வீண் செலவு. குழுவாக ஓடுகிறவர்கள் இதை முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வேம்பனூர் அமைதியான இடம். ஆனால் சுற்று சிறியது. தேரூரை நன்கு பழகியவர்கள் ஒரு மாறுதலுக்குப் போகலாம், அவ்வளவே.

ஆற்றோரம் என்று பேச்செடுத்தால் நாகர்கோவில்காரர்கள் பழையாற்றைத்தான் நினைப்பார்கள். ஒழுகினசேரி பக்கத்துப் பழையாற்றோரத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நகரத்தின் கழிவும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து அந்த ஆற்றைப் படுத்தும் பாட்டைப் பார்த்துக்கொண்டே ஓட மனம் வராது. நாஞ்சில் நாட்டின் வயலுக்கெல்லாம் நீர் கொடுத்த ஆறு அது. அதன் அழகான முகம் நகரத்துக்கு மேலே, பூதப்பாண்டி பக்கம் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உண்மையான ஆற்று வழி வேண்டுமானால் மேற்கே போக வேண்டும். கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாக ஓடித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர்கின்றன. இதைத் தாமிரபரணி என்றும் குழித்துறை ஆறு என்றும் சொல்கிறார்கள். நெல்லைத் தாமிரபரணி வேறு. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து தொடங்கி, குலசேகரம் வழியாகத் திற்பரப்பு வரை போவது இந்தப் பக்கத்தின் நல்ல நீள ஓட்டம். பாதி வழியில் ஆறு கண்ணுக்குத் தெரியாது. ரப்பர்த் தோட்டத்துக்கும் வீட்டு மதிலுக்கும் பின்னால் மறைந்து, ஒரு வளைவில் திடீரென்று காட்டிவிட்டு மறுபடி மறையும். ஆற்றை ஒட்டியே ஓட வேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். மேற்குக் குமரியில் வீடுகள் இடைவெளியில்லாமல் தொடரும், ஊர் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இருட்டில் ஓட வேண்டியவருக்கு இதுவே பலம். ஐந்து மணிக்கே சாயாக்கடை திறந்திருக்கும், ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள் தலையில் விளக்கோடு மரங்களுக்கு இடையே வேலையில் இருப்பார்கள், பால் சொசைட்டிக்குக் கேனோடு ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள். தனியாக ஓடுகிறோம் என்ற எண்ணமே வராது.

தரை மட்டும் தேரூருக்கு நேர் எதிர். ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். ஒரு கிலோமீட்டர்கூட ஒரே சமமாகக் கிடைக்காது. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை. மலைச் சாலைப் பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் வாரம் ஒரு நாள் இங்கே ஓடினால் பலன் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் இறக்கத்தில் பார்த்துப் போக வேண்டும். மழைக்காலத்தில் சாலையோரச் சிமெண்டிலும் மதில் அடியிலும் பாசி படிந்து வழுக்கும். ஷூவின் அடிப்பகுதி தேய்ந்திருந்தால் இந்த வழிக்கு வேண்டாம்.

நிழலைப் பற்றி ஒரு நுணுக்கம். ரப்பர்த் தோட்டம் என்றால் எப்போதும் நிழல் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை சிவந்து உதிர்ந்து, மரம் மொட்டையாகிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் புதுத் தளிர் வந்த பிறகுதான் நிழல் திரும்பும். ஆகவே குளிர்காலத்தில் ரப்பர் வழி நிழலுக்காக அல்ல, காலடியில் நொறுங்கும் அந்தச் சருகுக்காகவும் வானம் தெரியும் கிளைகளுக்காகவும். ஏப்ரல், மே மாதங்களில்தான் அது வெயிலுக்கு நல்ல ஒதுங்கிடம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் இந்தப் பக்கம் ரப்பர் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. அதற்குப் பிறகு நட்ட மரங்கள் பல தோட்டங்களில் இளசாகவே நிற்கின்றன.

ஆற்று வழியின் ஆபத்து இரண்டு. ஒன்று டாரஸ் லாரி. கல்லும் ஜல்லியும் ஏற்றி மேற்கு நோக்கிப் போகும் இந்த லாரிகள் குறுகிய சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். ஓரத்தில் ஒதுங்கினால் மதில், அதற்கப்பால் இடமில்லை. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடுவதும், முதுகில் ஒளிரும் பட்டை அணிவதும் இங்கே கட்டாயம். குருட்டு வளைவுகளில் மட்டும் வெளிப்பக்கம் மாறிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் ஓட்டுநருக்கு நாம் தெரிவோம். இரண்டாவது வெள்ளம். அணையிலிருந்து உபரிநீர் திறந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள், குழித்துறையில் ஆற்றைக் கடக்கும் தாழ்வான தரைப்பாலமான சப்பாத்து நீருக்குள் போய்விடும். 2021 நவம்பரில் மாவட்டம் பட்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று சப்பாத்தைத் தாண்ட முயலக் கூடாது. ஓடும் நீரில் பாசிக் கல்லின்மேல் கால் நிற்காது. தண்ணீர் ஏறியிருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

திருவட்டாறு பக்கம் போகிறவர்கள் எல்லோரும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஓட ஆசைப்படுகிறார்கள். பட்டணங்கால் சானலின் நீரைப் பரளியாற்றுக்கு மேலே, 115 அடி உயரத்தில் கடத்துவதற்காக, காமராஜர் காலத்துத் திட்டமாகக் கட்டி 1966-ல் பயன்பாட்டுக்கு வந்த பாலம். வறண்டு கிடந்த விளவங்கோடு, கல்குளம் நிலங்கள் அதனால் விளைந்தன. நடைபாதை குறுகல், காலை நேரம் போனதும் கூட்டம். ஓட்டத்தை முடித்துவிட்டுப் போய், தூண்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம் அது.

காட்டு வழிக்கு வருவோம். இதைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேச விரும்புகிறேன்.

குமரி மாவட்டத்தின் வடக்குப் பகுதி 2008-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. யானை, புலி, காட்டெருமை, மிளா, சிங்கவால் குரங்கு வாழும் காடு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவது குற்றம். காட்டுக்குள் இருக்கும் காளிகேசத்துக்கு வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டிப் பகலில்தான் போக முடியும். இவையெல்லாம் தெரிந்தும், 'ஒரு கிலோமீட்டர்தானே' என்று விடியலில் உள்ளே ஓடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். யானைக்கு நம் காலடிச் சத்தம் கேட்பதற்கு முன் நாம் வளைவில் போய் நின்றுவிடுவோம், ஓட்டத்தின் ஆபத்தே அதுதான். நடந்து போகிறவருக்குக் கிடைக்கும் இடைவெளி ஓடுகிறவருக்குக் கிடைக்காது. ரப்பர்த் தோட்டங்களுக்குள் யானை இறங்குவது கீரிப்பாறைப் பக்கம் புதிதல்ல. 2023-ல் சிற்றாறு ரப்பர்த் தோட்டக் குடியிருப்புப் பகுதியில் ஆடுமாடுகளை அடித்த புலியைப் பிடிக்க வனத்துறை வாரக்கணக்கில் அலைந்தது. காட்டின் எல்லை வரைபடத்தில்தான் கோடு. விலங்குக்கு அப்படி எதுவும் கிடையாது.

அப்படியானால் காட்டு வழியே கிடையாதா? இருக்கிறது, காட்டின் விளிம்பில். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை அணை வரை போகும் பேருந்துச் சாலைதான் நான் சொல்வது. நன்றாக விடிந்த பிறகு, இரண்டு மூன்று பேராக, அணையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். மெதுவாக ஏறிக்கொண்டே போகிற சாலை, திரும்பும்போது கால்களுக்குச் சலுகை. அணை தெரியும் இடத்தில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், நீர்த்தேக்கம் நடுவில் விரிந்து கிடக்கும். 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த அணை இது. கட்டிய பொறியாளர் மிஞ்சின் இறந்த பிறகு அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். நாஞ்சில் நாட்டில் நாம் ஓடும் ஒவ்வொரு சானல் கரையின் தண்ணீரும் இந்த மலையிலிருந்து வருவது என்பதால், இங்கே ஓடி ஏறி வந்து நீரைப் பார்ப்பதில் எனக்கு ஒரு கடன் தீர்த்த நிறைவு உண்டு. அணைக்கு அப்பால் கோதையாறு நோக்கிப் போகும் சாலையில் ஓட வேண்டாம். அங்கே காணிக்காரர் என்னும் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன, காட்டு மிருக நடமாட்டம் இருக்கிறது, கைபேசி சிக்னல் பல இடங்களில் இருக்காது. பஸ்ஸில் போய்ப் பாருங்கள்.

விளிம்பிலேயே ஓடினாலும் ஜூன் முதல் டிசம்பர் வரை ஈரமான நாட்களில் அட்டை ஏறும். சாலையின் நடுப்பகுதியை விட்டு இறங்காமல் இருந்தால் குறையும். நின்று படம் எடுக்கும்போதுதான் பிடித்துக்கொள்ளும். ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காமல் உப்பு வைத்தால் விழுந்துவிடும். காட்டு வழியை மாதத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்வது போதும் என்பது என் எண்ணம். வாரா வாரம் போகிற வழி ஆக்கினால் நமக்கும் துணிச்சல் கூடிவிடும், அடுத்த சாவடியைத் தாண்டத் தோன்றும்.

இந்த மூன்றையும் தொட்டுக்கொண்டு போகிற ஒரு வழி இருக்கிறது. என்னைக் கேட்டால் மாவட்டத்திலேயே அதுதான் முதல். பூதப்பாண்டியிலிருந்து திட்டுவிளை, தெரிசனங்கோப்பு வழியாகத் தடிக்காரன்கோணம் நோக்கி, மலையைப் பார்த்தபடி போகும் சாலை. ஜீவா என்று நாம் அழைக்கும் ப. ஜீவானந்தம் 1907-ல் பிறந்த பூதப்பாண்டியில் கோயிலை ஒட்டித் தொடங்கலாம். இங்கே பழையாறு நகரத்தைத் தொடுவதற்கு முந்தைய பழையாறு, அடிமணல் தெரியும் தண்ணீர். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தென்னந்தோப்பு, எதிரே தாடகை மலை. தாடகை படுத்துக் கிடப்பதாக ஊர்க்காரர்கள் காட்டும் அந்த மலை முகட்டின் மேல் மேகம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஓடினால் கிலோமீட்டர் போவது தெரியாது. ஏற்றம் உண்டு, ஆனால் மேற்குக் குமரியைப் போல மூச்சைப் பறிக்காது. தெரிசனங்கோப்பு வரை போய்த் திரும்பினால் நடுத்தர ஓட்டம். தடிக்காரன்கோணம் வரை நீட்டினால் அரை மராத்தான் பயிற்சிக்குப் போதுமான தூரம். அதற்கு அப்பால் கீரிப்பாறை, அரசு ரப்பர்த் தோட்டம், காடு. தடிக்காரன்கோணத்தோடு திரும்பிவிடுங்கள்.

இந்த வழியை நான் மேலே வைப்பதற்கு அழகைவிடப் பெரிய காரணம், அது மன்னிக்கும் வழி. கால் பிடித்துக்கொண்டால் பேருந்து வரும். மழை கொட்டினால் ஒதுங்க ஊர் இருக்கிறது. தண்ணீர் தீர்ந்தால் எந்த வீட்டு வாசலிலும் கேட்கலாம். வேறு வேறு வேகத்தில் ஓடும் இருவர் ஒன்றாகத் தொடங்கி, ஆளுக்கொரு ஊரில் திரும்பி, முடிவில் ஒரே சாயாக்கடையில் சேரலாம். வாரா வாரம் போகும் வழிக்கு இந்தக் குணம்தான் வேண்டும்.

இதன் குறை ஆடிக் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலை இடுக்குகளில் புகுந்து வரும் மேற்குக் காற்று தோவாளை, பூதப்பாண்டிப் பகுதிகளில் ஆளைத் தள்ளும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதற்கே அந்தக் காற்றுதான் காரணம். காற்று பலமாக இருக்கும் நாளில் முதல் பாதியை எதிர்காற்றில் ஓடி முடித்துவிட்டு, திரும்பும்போது முதுகில் வாங்குங்கள். கடிகார வேகத்தை அன்று பார்க்க வேண்டாம்.

சாலையை விட்டுச் சானல் கரையில் இறங்கி ஓடலாமா என்று கேட்பார்கள். மண் தரை, முழங்காலுக்கு இதம், வண்டி இல்லை. வறண்ட காலையில், நன்றாக விடிந்த பிறகு, ஓடலாம். மழைக்கு மறுநாள் களிமண் ஷூவில் அப்பிக் கனக்கும். புல் வளர்ந்த கரையில் விரியன் கிடக்கும். இன்னொன்றும் உண்டு. சானல் படித்துறைகளில் காலையில் பெண்கள் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள். படித்துறை வருமுன் நின்று, குரல் கொடுத்து, வேறு பக்கம் பார்த்தபடி நடந்து கடக்க வேண்டும், அல்லது சாலைக்கு ஏறிவிட வேண்டும். நெஞ்சில் கேமரா கட்டிக்கொண்டு சானல் கரையில் ஓடுவதை எந்த ஊரும் ஏற்காது, ஏற்கவும் கூடாது.

பெண்கள் தனியாக ஓட எது நல்லது என்ற கேள்விக்கு என் பதில் தேரூர்-சுசீந்திரம் வழி. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அங்கே அதிகம், கோயில் திறக்கும் நேரத்திலிருந்தே ஆள் நடமாட்டம் இருக்கும். மணக்குடி நீட்சிக்கும் ரப்பர்ச் சாலைகளுக்கும் இன்னொருவர் உடன் வருவது நல்லது. இதை ஆண்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், நாய்களுக்காக. நாய் குரைத்து வந்தால் ஓடுவதை நிறுத்தி நடந்தாலே பெரும்பாலும் விலகிவிடும். கடித்துவிட்டால் கீறலானாலும் பதினைந்து நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

வியர்வையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும், உடம்பு சூடு இறங்காது. பெங்களூரில் ஓடிப் பழகிய வேகத்தை முதல் வாரம் இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும். முடித்ததும் இளநீரும் இரண்டு மட்டிப்பழமும் போதும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி, சின்னப் பழம், வயிற்றைக் கனக்க வைக்காது. பனைக் காலத்தில் தெற்கே போனால் அக்கானி, அதாவது பதநீர் கிடைக்கும். வெயில் ஏறுவதற்கு முன் இறக்கியதாகப் பார்த்துக் குடியுங்கள்.

ஒரே ஒரு காலைதான் இருக்கிறது என்று ஊருக்கு வருகிறவர்களுக்கு மாதத்தைக் கேட்டுத்தான் பதில் சொல்வேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் யோசிக்காமல் தேரூரிலிருந்து மணக்குடி. குளம் நிறைந்திருக்கும், பறவை இருக்கும், வெயில் தாமதமாக ஏறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பூதப்பாண்டிச் சாலை, காற்றைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால். ஏப்ரல், மே என்றால் தளிர் விட்ட ரப்பர் நிழலில் குலசேகரம் முதல் பேச்சிப்பாறை. கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்குமேல் இடியோடு வரும், காலை உங்களுக்குத்தான். அக்டோபர், நவம்பரில் வருகிறவர்கள் முந்தைய நாள் மாலையே அணைகளின் நீர்மட்டச் செய்தியைப் பார்த்துவிடுங்கள். உபரிநீர் திறப்பு என்று வந்திருந்தால் மேற்குப் பக்கம் போகாமல், சுசீந்திரத்தில் கோயில் பக்கம் வண்டியை விட்டுவிட்டுத் தேரூர் வரை குறுகிய ஓட்டம் ஓடுங்கள்.